“சர்வர் சுத்திட்டே இருக்குதுங்க”: டிஸ்க் மந்தத்தை எங்கே தேடுவது?

மாதம் 11ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-1 என்ற மாத விற்பனை அறிக்கையைத் தாக்கல் செய்யக் கடைசி நாள். அன்று காலை 11 மணிக்குத் திருப்பூர் காதர்பேட்டையில் ஏதாவது ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவுக்குள் போனால் ஒரே புலம்பல்தான் கேட்கும்: “காலைல இருந்து சர்வர் சுத்திட்டே இருக்குதுங்க.” லெட்ஜரைத் திறந்தால் ஒரு நிமிடம். பில் போட்டால் அரை நிமிடம். மதியத்துக்குள் “பழைய ஹார்ட் டிஸ்க்குங்க, எஸ்எஸ்டி மாத்திரலாம்” என்று ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார். எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க். சில சமயம் அது சரியாகவே இருக்கும். பல சமயம் காசு போகும், மந்தம் போகாது.

தோட்டத்தில் தண்ணீர் குறைந்தால் விவரம் தெரிந்தவர் நேராக மோட்டார் கடைக்குப் போவதில்லை. போரில் தண்ணீர் இருக்கிறதா, வோல்டேஜ் வருகிறதா, சொட்டுநீர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு வருவார். சர்வரிலும் மென்பொருள், ஆபரேட்டிங் சிஸ்டம், பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டும் ரெய்டு கன்ட்ரோலர், வயர், டிஸ்க் என்று ஒரு நீண்ட குழாய் இருக்கிறது. அதில் எந்த இடத்தில் நேரம் தேங்குகிறது என்பதுதான் கேள்வி.

அட்டையில் போட்ட வேகமும் ஆபீஸில் தெரியும் வேகமும்

மூன்று சொற்களைப் பிரித்துக்கொள்ளாவிட்டால் மேலே போக முடியாது.

1. த்ரூபுட்: ஒரு விநாடியில் எத்தனை எம்பி தரவு போய்வருகிறது.
2. ஐஓபிஎஸ்: ஒரு விநாடியில் தனித்தனியாக எத்தனை கோரிக்கைகள் முடிகின்றன.
3. லேட்டன்சி: ஒரு கோரிக்கை கேட்டதில் இருந்து பதில் வரும் வரை ஆகும் நேரம். இதை மில்லிவிநாடியில் சொல்வார்கள். ஆயிரம் மில்லிவிநாடி ஒரு விநாடி.

சங்ககிரியில் கிளம்பும் ஒரு லாரி 20 டன்னை ஒரே குடோனில் இறக்கினால் அது த்ரூபுட். அதே லாரியை ஈரோட்டுச் சந்துகளுக்குள் விட்டு, 500 வீட்டுக்கு ஆளுக்கு ஒரு கிலோ மஞ்சள் கொடுத்துவிட்டு வரச் சொன்னால் என்ன ஆகும்? லாரியின் கொள்ளளவு அப்படியேதான் இருக்கிறது. ஆனால் திரும்பி, ரிவர்ஸ் எடுத்து, வீடு தேடுவதிலேயே நாள் போய்விடும்.

ஹார்ட் டிஸ்க்கின் கதையும் அதுதான். நிமிடத்துக்கு 7,200 சுற்றுச் சுற்றும் டிஸ்க்குக்கு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவிநாடி ஆகிறது. வேண்டிய இடம் படிக்கும் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது சுமார் 4 மில்லிவிநாடி. அதற்கு முன் தலை சரியான தடத்துக்கு நகர இன்னும் 8 மில்லிவிநாடி போல. ஆக, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய கோரிக்கை ஒன்றுக்கு 12 மில்லிவிநாடி. விநாடிக்குச் சுமார் 80 கோரிக்கை. அதற்கு மேல் பெரிதாக எந்த மந்திரமும் பலிக்காது.

கணக்கு மென்பொருளும் டேட்டாபேஸும் பெரும்பாலும் 4, 8 கேபி அளவுத் துண்டுகளாகத்தான் கேட்கும். 80 தடவை 4 கேபி என்றால் விநாடிக்கு 320 கேபி. அட்டையில் 200 எம்பி என்று போட்ட அதே டிஸ்க், ஆபீஸ் வேலையில் ஒரு எம்பி கூடத் தொடாது. டிஸ்க் கெட்டுப்போகவில்லை, அதன் இயல்பே அது. பெரிய வீடியோ ஒன்றைக் காப்பி பண்ணிப் பார்த்துவிட்டு “டிஸ்க் நல்லாத்தான் இருக்குது” என்று சொல்வது செல்லாமல் போவதும் இதனால்தான்.

வரிசை நின்றுவிட்டால்

இருபது பேர் ஒரே நேரத்தில் வேலை பார்க்கிறார்கள், எப்போது பார்த்தாலும் 20 கோரிக்கைகள் வரிசையில் நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். டிஸ்க் விநாடிக்கு 80 முடிக்கிறது. புதிதாக வரும் கோரிக்கை 20-ஐ 80-ஆல் வகுத்தால் வரும் கால் விநாடி காத்திருக்க வேண்டும். ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய வரிசை விதி இவ்வளவுதான்: வரிசையின் நீளம் என்பது விநாடிக்கு வரும் கோரிக்கைகளைக் காத்திருக்கும் நேரத்தால் பெருக்கியது. டீக்கடை முதல் டேட்டா சென்டர் வரை எல்லா வரிசைக்கும் பொருந்தும்.

கால் விநாடிதானே என்று தோன்றும். ஸ்டாக் ரிப்போர்ட் ஒன்று ஒன்றன்பின் ஒன்றாக 400 தடவை டிஸ்க்கைக் கேட்கிறது என்றால் 100 விநாடி. வரிசையே இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் அதே ரிப்போர்ட் ஐந்து விநாடியில் வந்துவிடும். “நான் பாக்கறப்ப நல்லாத்தானுங்க இருந்துச்சு” என்று சர்வீஸ் ஆள் சொல்வது பொய்யில்லை. அவர் வந்த நேரம் அப்படி.

முதல் கேள்வி: டிஸ்க்தானா?

1. மெமரியைப் பாருங்கள். ரேம் போதாவிட்டால் சர்வர் டிஸ்க்கில் ஒரு பகுதியையே ரேம் போல எடுத்துப் புழங்கும். லினக்ஸில் இதை ஸ்வாப் என்பார்கள், விண்டோஸில் பேஜ் ஃபைல். டிஸ்க் விளக்கு விடாமல் எரியும். வியாதி ரேமில் இருக்கும். இங்கே எஸ்எஸ்டி போட்டால் வலி குறையும், அவ்வளவுதான்.

2. நெட்வொர்க்கைப் பிரியுங்கள். வேலையைச் சர்வரிலேயே உட்கார்ந்து செய்தால் வேகம், தன் கம்ப்யூட்டரில் இருந்து செய்தால் மந்தம் என்றால் ஸ்விட்ச், கேபிள் பக்கம் போக வேண்டும். ஆயிரம் எம்பிபிஎஸ் போக வேண்டிய போர்ட் 100-க்கு இறங்கியிருந்தால் ஃபைல் காப்பி விநாடிக்கு 11, 12 எம்பியில் போய் முட்டி நிற்கும். அந்த எண்ணைப் பார்த்ததுமே கேபிளைச் சந்தேகிக்கலாம்.

3. லினக்ஸில் ‘டாப்’ கட்டளையில் ‘டபிள்யூஏ’ என்று ஒரு சதவீதம் வரும். பிராசஸர் சும்மா இருந்துகொண்டு டிஸ்க் பதிலுக்காகக் காத்திருந்த நேரம் அது. லோட் ஆவரேஜ் (காத்திருக்கும், ஓடும் வேலைகளின் சராசரி எண்ணிக்கை) 30, பிராசஸரோ 5 சதவீதம் என்று இருந்தால் குழம்ப வேண்டாம். லினக்ஸ் டிஸ்க்குக்காகக் காத்திருப்பவர்களையும் லோடில் சேர்த்துத்தான் எண்ணும்.

4. நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தினமும் 11 மணிக்கா, மாதக் கடைசியிலா, எந்நேரமுமா? ராத்திரி 2 மணிக்கு ஓட வேண்டிய பேக்கப் காலை வரை நீள்வதும், ஆன்டிவைரஸ் முழு ஸ்கேனை ஆபீஸ் நேரத்தில் வைத்திருப்பதும் சகஜம். விண்டோஸ் ரிசோர்ஸ் மானிட்டரின் ‘டிஸ்க்’ பக்கமும் லினக்ஸின் ‘ஐஓடாப்’ கட்டளையும் யார் டிஸ்க்கை உறிஞ்சுகிறார்கள் என்று பெயரோடு காட்டிக்கொடுக்கும்.

எண்களை எப்படிப் படிப்பது

லினக்ஸில் ‘ஐஓஸ்டாட் -எக்ஸ் 5’ என்று அடித்தால் ஐந்து விநாடிக்கு ஒரு தடவை கணக்கு வரும். முதலில் வருவது சர்வர் ஆன் ஆன நாளில் இருந்தான சராசரி. அதை விட்டுவிட்டு இரண்டாவதில் இருந்து பாருங்கள். நான்கு டிஸ்க் போட்டு ரெய்டு 5 கட்டிய ஒரு சர்வரில் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

- விநாடிக்குப் படிப்பது 5, எழுதுவது 77
- படிக்கக் காத்திருப்பு 35 மில்லிவிநாடி
- எழுதக் காத்திருப்பு 310 மில்லிவிநாடி
- வரிசை நீளம் 24
- யூடில் (டிஸ்க் சும்மா இல்லாமல் இருந்த நேரம்) 100 சதவீதம்

பலர் கண் கடைசி வரியில் போய் நிற்கும். அதை நம்பாதீர்கள். சோமனூரில் பத்துத் தறி உள்ள ஒரு கூடத்தில் ஒரே ஒரு தறி ஓடினாலும் வெளியே நிற்பவருக்குச் ‘சத்தம் கேட்குது, கூடம் ஓடுது’ என்றுதான் தெரியும். யூடில் சொல்வதும் அதுதான்: ஒரு கணம் கூடச் சத்தம் நிற்கவில்லை. பத்துத் தறியும் ஓடினதா என்று அதற்குத் தெரியாது. ஒற்றை ஹார்ட் டிஸ்க்குக்கு அந்த எண் ஓரளவு பொருந்தும். பல வேலையை ஒரே நேரத்தில் பார்க்கும் எஸ்எஸ்டிக்கும் ரெய்டுக்கும் 100 என்பது ஆபத்தே இல்லாமலும் இருக்கலாம்.

பார்க்க வேண்டியது காத்திருப்பு நேரம். பொதுவாக ஹார்ட் டிஸ்க் என்றால் 10 முதல் 20 வரை சரி, 50-ஐத் தாண்டினால் ஆட்கள் முணுமுணுப்பார்கள். எஸ்எஸ்டி என்றால் ஒரு மில்லிவிநாடிக்குள் இருக்க வேண்டும். விண்டோஸ் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரில் ‘ஆவரேஜ் டிஸ்க் செகண்ட்ஸ் பெர் ரீட்’, ‘பெர் ரைட்’ என்ற இரண்டு கவுன்டர்களும் இதையேதான் சொல்கின்றன. ஆனால் விநாடிக் கணக்கில்: 0.020 என்றால் 20 மில்லிவிநாடி.

மேலே உள்ள எண்களில் படிப்பது கொஞ்சம் தேவலை, எழுதுவதுதான் மாட்டிக்கொண்டு நிற்கிறது. அதுவும் 77-இல். ஏன் 77?

ரெய்டு 5, செத்துப்போன பேட்டரி

ரெய்டு என்பது பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டி ஓட்டுவது. பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் 1988இல் எழுதிய கட்டுரையில் இருந்து வந்த பெயர். ஐந்தாம் வகையில் ஒரு டிஸ்க் போனாலும் தரவு போகாது. அதற்கான விலையை எழுதும்போது கொடுக்க வேண்டும். சின்னதாக ஒரு தடவை எழுதுவதற்குப் பழைய தரவைப் படி, பழைய பேரிட்டியை (ஒரு டிஸ்க் போனால் தரவை மீட்க வைத்திருக்கும் கணக்கு) படி, புதுத் தரவை எழுது, புதுப் பேரிட்டியை எழுது என்று நான்கு வேலை. ரெய்டு 6-இல் ஆறு. ரெய்டு 10-இல் இரண்டே.

நான்கு டிஸ்க், ஒவ்வொன்றும் 80 என்றால் மொத்தம் 320. நான்கால் வகுத்தால் எழுதுவதற்கு 80. நம் எண் 77. சுவர் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

சரி, இதே சர்வர் மூன்று வருடம் நன்றாகத்தானே ஓடியது? அங்கேதான் பேட்டரி வருகிறது. நல்ல ரெய்டு கன்ட்ரோலரில் சொந்தமாகக் கொஞ்சம் கேஷ் மெமரி உண்டு. எழுத வந்த தரவை அதில் வாங்கிப் போட்டுக்கொண்டு “எழுதியாச்சு” என்று உடனே பதில் சொல்லிவிடும். பிறகு சாவகாசமாக டிஸ்க்கில் எழுதும். இதற்கு ரைட்-பேக் என்று பெயர். நடுவில் கரண்ட் போனால் கேஷில் இருப்பது அழியக் கூடாது என்பதற்காக ஒரு சின்ன பேட்டரி இருக்கும். சில வருடத்தில் அது வீணாகிவிடும், சூட்டில் இன்னும் சீக்கிரம். ராத்திரி ஏசியை நிறுத்திவிடும் சர்வர் அறைகளில் அதன் ஆயுளைச் சொல்ல வேண்டியதில்லை.

பேட்டரி செத்ததும் கன்ட்ரோலர் யாரையும் கேட்காமல் ரைட்-த்ரூவுக்கு மாறிவிடும். இனி டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகுதான் “ஆச்சு” என்று சொல்லும். தரவைக் காப்பாற்ற அது செய்வது சரிதான். ஆனால் கேஷ் இத்தனை நாள் மறைத்து வைத்திருந்த நான்கு மடங்கு விலை ஒரே ராத்திரியில் வெளியே வந்துவிடும். “நாங்க ஒண்ணுமே மாத்தலைங்க, திடீர்னு இப்படி ஆயிருச்சு” என்ற வாக்கியத்தைக் கேட்டால் முதலில் கன்ட்ரோலரின் பேட்டரி நிலையைப் பாருங்கள். அதன் மேலாண்மைக் கருவியில் ஒரு வரியில் தெரிந்துவிடும். சில கன்ட்ரோலர்கள் பேட்டரியைச் சோதிக்க அவ்வப்போது தாமே அதை இறக்கி ஏற்றும். அந்தச் சில மணி நேரமும் இதே மந்தம் வந்து, தானாகவே போய்விடும்.

பேட்டரி இல்லாவிட்டாலும் ரைட்-பேக்கிலேயே ஓடு என்று கட்டாயப்படுத்த ஒரு அமைப்பு உண்டு. யூபிஎஸ்தான் இருக்கிறதே என்று சிலர் அதைப் போட்டுவிடுவார்கள். சர்வரின் பவர் சப்ளை எரிந்தாலோ துடைக்க வந்தவர் வயரை இடறிவிட்டாலோ யூபிஎஸ் எந்த உதவிக்கும் வராது. புது பேட்டரி வரும் வரை மந்தத்தைப் பொறுத்துக்கொள்வது மேல்.

டிஸ்க்குக்கே உடம்பு சரியில்லை என்றால்

ரெய்டில் கட்டிய டிஸ்க்குகள் ஏரில் பூட்டிய மாடுகள் மாதிரி. ஒன்று நொண்டினால் மொத்தமும் நொண்டும். ‘ஸ்மார்ட்’ என்ற தன்னறிக்கை ஒவ்வொரு டிஸ்க்கிலும் இருக்கிறது. மூன்று எண்களைப் பார்த்தால் பாதி தெரிந்துவிடும்:

1. எண் 5: கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கின் சின்னச் சின்னத் துண்டுகள்). வாரா வாரம் ஏறினால் மாற்றிவிடுங்கள்.
2. எண் 197: படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் செக்டர்கள். மந்தத்துக்கு நேரான காரணம் இது. மேசைக் கம்ப்யூட்டருக்கான டிஸ்க் இப்படி ஒரு இடத்தில் மாட்டினால் பல விநாடி திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருக்கும். ரெய்டுக்கென்று செய்த டிஸ்க்குகள் சுமார் 7 விநாடியில் கைவிட்டு, மற்ற டிஸ்க்குகளில் இருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடும்.
3. எண் 199: வயரில் வரும் பிழை. டிஸ்க் நலம், கேபிள்தான் தளர்வு. செலவு குறைந்த சந்தோஷச் செய்தி.

இன்னொன்று எஸ்எம்ஆர் என்ற வகை. அதில் தடங்கள் நாட்டு ஓடு வேய்ந்தது போல ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். நடுவில் ஒரு ஓடு மாற்ற மேலே உள்ளவற்றைப் பிரித்து அடுக்க வேண்டுமே, அது போல ஒரு துண்டை மாற்றி எழுதப் பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுதும். பேக்கப் சேர்த்து வைக்க நல்லது. டேட்டாபேஸுக்கும் ரெய்டுக்கும் வேண்டவே வேண்டாம்.

தறிக்கூடத்துக்குப் பக்கத்தில் சர்வர் அறை

வெளியூர்க் கையேடுகளில் கடைசிப் பக்கத்தில் இருக்கும் விஷயம் பல்லடம், சோமனூர்ப் பக்கம் முதல் பக்கத்துக்கு வர வேண்டும்: அதிர்வு. டிஸ்க்கில் ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் பல நூறு தடங்கள் இருக்கின்றன. தலை அவற்றில் ஒன்றின் மேல் நிலையாக நிற்க வேண்டும். அதிர்வில் நழுவினால் டிஸ்க் இன்னொரு சுற்றுச் சுற்றி வரும் வரை காத்திருக்கும். 2008இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியாளர் பிரண்டன் கிரெக் ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் அடுக்கின் முன்னால் நின்று உரக்கக் கத்தினார். அந்த நொடியே லேட்டன்சி வரைபடம் எகிறியதைப் படம் பிடித்துக் காட்டினார். மனிதக் குரலுக்கே இந்தப் பாடு என்றால் விடாமல் அடிக்கும் தறிக்கு?

கண்டுபிடிப்பது சுலபம். தறி ஓடும்போதும் கரண்ட் இல்லாமல் தறி நிற்க, சர்வர் மட்டும் யூபிஎஸ்ஸில் ஓடும்போதும் ஒரே சோதனையைச் செய்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் தெரிந்தால் ரேக்கைத் தறிச் சுவரை விட்டுத் தள்ளி வைத்து, அடியில் ரப்பர் மெத்தை போடுங்கள். நகரும் பாகம் எதுவும் இல்லாததால் எஸ்எஸ்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. இங்கே எஸ்எஸ்டி வாங்கினால் முழுக் காசும் செல்லும். கூடவே பஞ்சு. ஃபேன் வலையில் பஞ்சு அடைத்துவிட்டால் உள்ளே சூடு ஏறும். வேகமான என்விஎம்ஈ எஸ்எஸ்டிகள் சூடு ஏறினால் தம்மைத் தாமே மட்டுப்படுத்திக்கொள்ளும்.

எஸ்எஸ்டி போட்டும் இழுத்தால்

சாதாரணக் கடை எஸ்எஸ்டியில் கொஞ்சம் இடம் மட்டும் வேகமான கேஷாக இருக்கும். பெரிய பேக்கப் ஒன்றை எழுதும்போது அது நிரம்பியதும் வேகம் தடாலென்று விழும். டேட்டாபேஸ் ஒவ்வொரு பதிவுக்கும் “நிரந்தரமாக எழுதிவிட்டாயா?” என்று கேட்டு உறுதி வாங்கும், கரண்ட் போனாலும் தாங்கும் கெபாசிட்டர் உள்ள சர்வர் வகை எஸ்எஸ்டி இதற்கு உடனே ஆம் சொல்லும். கடை வகை நிஜமாகவே எழுதி முடித்துவிட்டுத்தான் சொல்ல முடியும். அப்புறம், இடத்தை 90 சதவீதத்துக்கு மேல் நிரப்பாதீர்கள். அழித்த இடத்தை எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் ‘ட்ரிம்’ ரெய்டு கன்ட்ரோலர் வழியாகப் போகிறதா என்றும் பாருங்கள். பல கன்ட்ரோலர்கள் அதைக் கடத்துவதில்லை.

சர்வரைக் கிளவுடுக்கு மாற்றியவர்களுக்கு வேறொரு கூத்து. அமேசானின் பழைய தலைமுறைப் பொதுவகை டிஸ்க்கில் ஒரு ஜிபிக்கு 3 ஐஓபிஎஸ்தான் நிரந்தரம். 100 ஜிபிக்கு 300. அதற்கு மேல் 3,000 வரை, பயன்படுத்தாமல் சேர்ந்த கணக்கில் இருந்து கொடுக்கும். அந்தச் சேமிப்புத் தொட்டி காலியாக அரை மணி நேரம் போதும். காலையில் பறந்து, பத்தரைக்குப் படுத்துவிட்டால் இதுதான். புதுத் தலைமுறையில் எத்தனை ஜிபி வாங்கினாலும் 3,000 நிரந்தரமாகக் கிடைக்கிறது.

சோதித்துப் பார்ப்பது

‘டிடி’ கட்டளையில் வெறும் பூஜ்யத்தை எழுதிப் பார்ப்பது கிட்டத்தட்ட வீண்; பல நேரம் ரேமின் வேகத்தைத்தான் காட்டும். லினக்ஸில் ‘எஃப்ஐஓ’, விண்டோஸில் ‘டிஸ்க்ஸ்பிடி’ பயன்படுத்துங்கள். துண்டு அளவு 4 அல்லது 8 கேபி, சிதறிய கோரிக்கை, படிப்பதும் எழுதுவதும் உங்கள் ஆபீஸ் விகிதத்தில் கலந்து, கேஷைத் தாண்டிச் செல்லும் அமைப்போடு, சோதனை ஃபைல் ரேமை விடப் பெரியதாக. ஓடும் சர்வரில் நேரடியாக டிஸ்க் பெயரைக் கொடுத்து எழுதும் சோதனையை ஓட்டினால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். எப்போதும் தனி ஃபைல் ஒன்றின் மேல்தான் சோதிக்க வேண்டும், அதையும் பேக்கப் எடுத்த பிறகு.

பிறகு சரிசெய்வதைச் செலவு குறைந்ததில் இருந்து தொடங்கலாம்:

1. பேக்கப், ஸ்கேன் நேரத்தை மாற்றுவது. செலவு இல்லை.
2. கேபிள், கன்ட்ரோலர் பேட்டரி, நொண்டும் ஒற்றை டிஸ்க்.
3. ரேம். படிப்பதில் பெரும்பகுதி கேஷிலேயே முடிந்துவிடும்.
4. ரெய்டு 5-இல் இருந்து ரெய்டு 10. நம் கணக்கில் விநாடிக்கு எழுதுவது 80-இல் இருந்து 160 ஆகும்.
5. சர்வர் வகை எஸ்எஸ்டி. இருக்கிற ஹார்ட் டிஸ்க்குகள் பேக்கப்புக்குப் போகட்டும்.

ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதும் ஞாயிற்றுக்கிழமை மதியம் அளந்துவிட்டுச் சரியாகிவிட்டது என்று பில் போடக் கூடாது. போன மாதம் 11ஆம் தேதி காலை 11 மணிக்கு எடுத்த ஐஓஸ்டாட் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு, இந்த மாதம் 11ஆம் தேதி அதே 11 மணிக்கு, இருபது பேரும் பில் போட்டுக்கொண்டிருக்கும்போது, அதே கட்டளையை மறுபடி அடித்துப் பார்க்க வேண்டும்.